டக்கு டப்பாவும் அவித்த மல்லாட்டையும்

"இந்தாம்மா, ஒன் நாய வந்து இட்டுகினு போ. எனுக்கு வேல ஓடல."

எதிர்வீட்டு சம்பத் அண்ணன் வாசலில் வந்து நின்று இப்படிச் சொன்னபோது என் இரண்டு கையிலும் இட்லி மாவு. எங்கள் நாய் ஜல்தி மறுபடியும் எதையோ கடித்துக் குதறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"இன்னாண்ணா பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பேஜார். தறிக்கு எதுர்ல வந்து குந்திகினு என் மூஞ்சியவே பாக்குது. தொரத்தினா போவுது. நாடாவ ஓட்னா திரும்பி வந்து குந்திக்குது. என்னமோ நான் அதுக்குக் குடுக்க வேண்டியத குடுக்காம வெச்சிகினு கீற மாரி பாக்குதும்மா!"

கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். அவர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து கயிற்றை இழுத்தார். குறுக்கிழையான ஊடை நூலைச் சுமந்த, படகு மாதிரியான மரக்கட்டை, அதுதான் நாடா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, டக் என்று மோதியது. உடனே ஜல்தி முதுகை நிமிர்த்தி, காதைத் தூக்கி, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு அவருடைய வலது கையைப் பார்த்தாள். கையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த டக். மறுபடி நிமிர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு புகார் இருந்தது.

நாய் ஒழுங்காக உட்காருவதெல்லாம் ஒரு குற்றமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்று வாயைத் திறக்க முடியாத நிலைமை. ஏனென்று சொல்கிறேன்.

பேருந்தில் வைத்த பெயர்

போன வாரம் என் தங்கையைப் பற்றி எழுதும்போது, நடுவில் ஒரு நாய்க்குட்டியைப் பற்றி ஒரு வரி போட்டிருந்தேன். தங்கையை விட்டுவிட்டார்கள். நாய்க்குட்டி என்ன ஆயிற்று என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தங்கை கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

நாய்க்குட்டி வந்தது, அங்கன்வாடி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருடம். காலம் முழுக்கக் கையைக் கட்டு, வாயைப் பொத்து, மூக்கைத் துடை என்று சொல்லியே பழகிய வாய் இது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்தால் அதட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை. பெண் யாமினி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். வீட்டுக்காரர் விடிந்ததும் தறிக்குழியில் இறங்கிவிடுவார். அவரை அதட்டினால் காதில் விழாது. விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பார். அந்த வீட்டில் பகல் முழுக்க நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

சேத்துப்பட்டில் இருக்கும் தங்கை, தன் பக்கத்து வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்றாள். பார்க்கத்தான் போனேன். வரும்போது ஒயர் கூடையில் முருங்கைக் கீரைக்கு அடியில் ஒரு செம்பட்டைக் குட்டி இருந்தது. பேருந்தில் நடத்துநர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"இன்னாம்மா கூடைல?"

"கீரைங்க."

கீரை குரைத்தது. பேருந்தே சிரித்தது. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. ஆரணியில் இறங்கும்போது மட்டும், "எறங்கு, எறங்கு, ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினார். அவர் ஜல்தி என்னும் ஒவ்வொரு முறையும் குட்டி ஒரு குரை. அந்தப் பெயருக்கு அதுவே சம்மதம் சொல்லிவிட்டது, நாங்கள் யார் மறுக்க?

அப்படி ஒரு பெயரை வைக்கக் கூடாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஓடாதே என்பதற்காக நாம் கூப்பிடும் பெயரே ஓடு ஓடு என்று சொன்னால் அது என்ன செய்யும்?

தெருவில் போட்ட பாவு

எங்கள் தெரு காலையில் தெருவாக இருக்காது, பட்டறையாக இருக்கும். புடவைக்கு நீளவாட்டில் போகும் பட்டு இழைகளை, அதுதான் பாவு, தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இடையிடையே மூங்கில் குச்சி செருகி, இடுப்பு உயரத்தில் நிற்கும். வெயில் ஏறுவதற்குள் அறுந்த இழையைப் பிணைத்து, சிக்கெடுத்து, சுற்றி எடுத்துவிட வேண்டும். யார் வீட்டுப் பாவு ஆனாலும் தெருவே வந்து கை கொடுக்கும். அந்த நேரத்தில் சைக்கிள்கூட அடுத்த தெரு வழியாகத்தான் போகும்.

ஒரு நாள் சம்பத் அண்ணன் வீட்டுப் பாவு. கல்யாணப் புடவைக்கு, நல்ல மாம்பழ மஞ்சள். அப்போது தெருமுனையில் பால்காரர் வண்டி ஹாரன் அடித்தது. பால்காரர் என்றால் ஜல்திக்கு ஜென்மப் பகை. காரணம் இரண்டு பேருக்குமே தெரியாது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியவள், பாவுக்கு அடியிலோ சுற்றியோ போகவில்லை. நடுவில் போனாள்.

பட்டு அறுகிற சத்தம் ரொம்பச் சின்னது. அன்று அது எனக்கு இடி மாதிரி கேட்டது.

வெயில் உச்சிக்கு வரும்வரை தெருவே குனிந்து நின்று, இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டுப் பிணைத்தது. நானும் பிணைத்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வேலை முடிந்து முதுகை நிமிர்த்திய சம்பத் அண்ணன் பொறுமையாகச் சொன்னார். "நாய் மேல எனுக்குக் கோவம் இல்லமா. ஆனா அடுத்த தபா பாவு போட்றப்போ இது குறுக்க பூந்துச்சுனா, தெருவுல இத வெச்சுக்க முடியாது. ஒங்க கொழுந்தனார் தேசூர்ல பம்பு செட்டுக்குக் காவல் வேணும்னு சொல்லிகினு இருந்தாரே, அங்க இட்டுகினு போய் உட்டுடுங்க."

"சரி" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர்.

தேசூர் ஒன்றும் அந்தமான் இல்லை. ஆனால் அந்த வயல்காட்டில் நாயைச் சங்கிலியில் கட்டினால் அவிழ்ப்பதே இல்லை. மோட்டார் கொட்டகைக்கும் வரப்புக்கும் நடுவில் அதன் வாழ்க்கை முடிந்துவிடும். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜல்தி என் தட்டில் இருந்ததைத் தின்றாள், அவளுக்கு நன்றாக இறங்கியது.

கட்டிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கட்டினோம். கயிறு அவளுக்குப் பலகாரம். கழுத்துப் பட்டை போட்டால் தலையை ஒரு முறுக்கு முறுக்கி உருவிக்கொண்டு வந்துவிடுவாள். கழுத்தைவிடத் தலை சின்னதாகப் பிறந்த நாய்.

பெங்களூர்ப் பொட்டலம்

போனில் அழாத குறையாக யாமினியிடம் சொன்னேன். அவள் ஒரு பொட்டலம் அனுப்பினாள். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பி, அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் டிக் என்றது. அவ்வளவுதான். அதன் பெயர் க்ளிக்கராம். எங்கள் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாது இந்த டக்கு டப்பா" என்றார். தெரு முழுக்க அந்தப் பெயர்தான் நின்றது.

யாமினி வீடியோவில் பாடம் எடுத்தாள். நாய் நாம் சொன்னதைச் செய்கிற அதே நொடியில் டிக். உடனே தின்ன ஏதாவது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. நல்லது செய்யும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், கெட்டது செய்தால் கண்டுகொள்ளக் கூடாது.

"முக்கியமா ஒண்ணு மா. டிக் அடிச்சா குடுத்தே ஆவணும். நீ தப்பா அடிச்சிட்டாகூட குடுத்துடணும். ஒரு தபா ஏமாத்தினா அது உன்ன நம்பாது."

"சரிடி."

"இன்னொண்ணு. நீ பேசவே கூடாது. டிக்தான் பேசணும்."

"நான் பேசாம இருக்கறதா?"

"அதுக்குதான் மா டப்பா அனுப்பினேன்."

தறிக்குழியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.

"கேட்டீங்களா? நல்லது செஞ்சா உடனே பாராட்டணுமாம். அப்பதான் கத்துக்குமாம்" என்றேன், கொஞ்சம் அழுத்தியே.

"பாராட்டினா கெட்டுப்பூடும்" என்றார் அவர். அவருடைய வாழ்க்கைத் தத்துவமே அதுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் வைத்த குழம்பை நல்லா இருக்கு என்று அந்த மனிதர் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு கல் உப்பு குறைந்தால் மட்டும் பேச்சு வரும். பேச்சு வராவிட்டால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருடைய அப்பாவும் அப்படித்தான். நானும் ஒன்றும் வாரிக் கொட்டினவள் இல்லை. அவர் நெய்த புடவையை விரித்துப் பார்க்கும்போது பூ எந்த இடத்தில் தப்பியிருக்கிறது என்றுதான் என் கண் போகும்.

தீனிக்கு என்ன செய்வது? டீக்கடைப் பொறையை முகர்ந்து பார்த்துவிட்டு ஜல்தி போய்விட்டாள். பிஸ்கட்டும் அப்படியே. ஒரு நாள் நான் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கம் வேர்க்கடலை என்று சொன்னால் பட்டணத்து ஆளா என்று பார்ப்பார்கள். கீழே விழுந்த ஒரு பருப்புக்காக அவள் பல்டி அடித்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு குண்டான் மல்லாட்டையை உப்புப் போடாமல் அவித்து வைத்தேன். நாய்க்கு உப்பு ஆகாது என்று யாமினி உத்தரவு.

நடுவில் ஒரு கூத்து. சம்பத் அண்ணன் மனைவி குமாரி அக்கா, தன் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிச் சொல்லிக்கொள்ள வந்தார். வாசற்படி தாண்டும் நேரம், உள்ளே நான் டிக் டிக் என்று அடித்துவிட்டேன். "பல்லி சொல்லுது, இப்ப போவக் கூடாது" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் டப்பாவை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தேன். பேருந்து போய்விட்டது. அந்தச் சம்பந்தமும் அமையவில்லை. நல்ல நேரத்தில் பல்லி காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வாரப் புத்தகம் அவர் கையில் கிடைக்காமல் இருக்க வேண்டும்.

அமாவாசைப் பாடம்

ஜல்தி மளமளவென்று கற்றுக்கொண்டாள். டிக் என்றால் மல்லாட்டை வரும் என்று புரிந்தது. அதனால்தான் வினையே. மல்லாட்டை வரும் வழி அந்த டப்பாதான் என்றும் புரிந்துகொண்டு, ஒரு மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் டப்பாவை எடுத்துக் கடித்து உடைத்துவிட்டாள். உள்ளே ஒரு சின்னத் தகடு மட்டும் இருந்ததைப் பார்த்து அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

இன்னொன்று வரவழைக்க நாளாகும். அடுத்து தெருவில் ஏறப்போகும் பாவு எங்கள் வீட்டுப் பாவு. வீட்டுக்காரர் தறியில் கடைசிப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்குமா? பரணில் கிடந்த பழைய நாடா ஒன்றை எடுத்தேன். மரக்கட்டையின் மேல் தட்டினால், டக். பிளாஸ்டிக்கைவிடக் கணீரென்று இருந்தது. ஆகா, நம் வீட்டிலேயே பொருளை வைத்துக்கொண்டு பெங்களூருக்கு அலைந்தோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. கொல்லைப்புறத்தில் அவளை வைத்துப் பாடம் ஆரம்பித்தேன். குந்து என்றால் குந்தினாள். டக். மல்லாட்டை. இரு என்றால் இருந்தாள். டக். மல்லாட்டை. சாயங்காலத்துக்குள், காக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாலும் அசையாத நாய் ஆகிவிட்டாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் எந்தக் குழந்தையும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில்தான் சம்பத் அண்ணன் வந்து நின்றார்.

அவர் மட்டுமல்ல. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருமுனை வீடு. எல்லார் தறிக்கு எதிரிலும் ஜல்தி போய் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வீட்டில் விரட்டினால் அடுத்த வீடு. "ஒன் நாய்க்கு நெசவு கத்துக்க ஆசையாமே" என்று கேலி வேறு. நேற்று என் பேச்சைக் கேட்டவள் இன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். நாய்க்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

எங்களுக்குக் கேட்காத சத்தம்

யாமினிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"மா, பின்னாடி அது இன்னா சத்தம்?"

"எது? ஒண்ணும் இல்லயே."

"டக்கு டக்குனு கேக்குதே."

"எனுக்கு ஒண்ணும் கேக்கல. அமைதியாத்தான் கீது."

"மா, நீ டப்பாக்கு பதிலா எதத் தட்ற?" என்றாள்.

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் போனை எடுத்துத் தூரப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் எனக்கும் கேட்டது. எங்கள் வீட்டுத் தறி டக். எதிர்வீட்டுத் தறி டக். தெரு முழுக்க டக்கு டக்கு டக்கு.

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் கிடக்கிறவர்களுக்கு அது ஒரு சத்தமே இல்லை. அமாவாசைக்கு அது நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று காதைக் குடைவோம். யாமினி வெளியூர் போய்ப் பல வருடம் ஆனதால் அவளுக்கு மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது. ஜல்திக்கு எப்போதும் கேட்டிருக்கிறது. அவள் கணக்குப்படி, நாள் முழுக்கத் தெருவே அவளைப் பாராட்டுகிறது, ஒருத்தனும் மல்லாட்டை கொடுப்பதில்லை. சம்பத் அண்ணனை அவள் அப்படிப் பார்த்ததில் என்ன தப்பு?

நாடாவைத் தூக்கிப் பரணில் போட்டேன். இனி சத்தத்துக்குப் பதில் 'சபாஷ்' என்று ஒரு சொல் சொல்லிக் கொடு என்றாள் யாமினி. ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். தறிக்காரர்கள் யாரும் ஒன்றும் கொடுக்காததால், நாலைந்து நாளில் ஜல்தி ஒவ்வொரு வீடாகக் கைவிட்டாள். சம்பத் அண்ணனைக் கடைசியாகக் கைவிட்டாள். அவருக்கே கொஞ்சம் வருத்தம்தான் என்று குமாரி அக்கா சொன்னார்.

எங்கள் வீட்டுத் தறியை மட்டும் விடவில்லை. எவ்வளவு இழுத்தாலும் நாடாச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குழி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். என் சபாஷ் காற்றில் போயிற்று.

"அத வெரட்டி உடுங்களேன்! அங்க குந்தினா நான் எப்டி சொல்லிக் குடுக்கறது?"

"அது வந்து குந்துது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் தறியிலிருந்து தலையை எடுக்காமல். பிறகு, "மல்லாட்டைல உப்பே இல்ல" என்றார்.

"அது ஒங்களுக்கு அவிச்சதில்ல!"

இதில்கூடக் குறை கண்டுபிடிக்கிற மனிதரை என்ன செய்வது? குண்டான் வேறு சீக்கிரம் சீக்கிரம் காலியாயிற்று. நான்தான் கொறித்துக்கொண்டே இருக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பாவு

அந்தக் காலையும் வந்தது. மயில் கழுத்து நிறத்தில் எங்கள் பாவு, எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை. ஜல்தியைக் கொல்லைப்புறத்தில் விட்டுக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. எல்லாரும் பாவின் இரண்டு பக்கமும் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நின்றேன். மனசு மட்டும் கொல்லைக் கதவின் கொக்கியில் இருந்தது.

விரலில் தொட்டுக்கொள்ளச் சாம்பல் தீர்ந்துபோயிற்று. "நான் எடுத்துகினு வரேன்" என்று குமாரி அக்கா எங்கள் வீட்டுக்குள் போனார். எங்கள் வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"அக்கா, கதவு!"

சாம்பலோடு குமாரி அக்கா வருவதற்கு முன்னால் ஜல்தி வந்துவிட்டாள். வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். பாவுக்கு அந்தப் பக்கம், சம்பத் அண்ணன் வீட்டுப் பூனை மதிலிலிருந்து இறங்கிச் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சபாஷ், குந்து, இரு எல்லாம் மறந்து போயிற்று. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஜல்தி! ஜல்தி! ஜல்தி!"

கிளம்பிவிட்டாள். நான்தானே சொன்னேன்!

தேசூர் வரப்பும் சங்கிலியும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. யாரோ "போச்சு" என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டக்.

ஒரே ஒரு சத்தம். தறி ஓடாத தெருவில் அது எல்லோருக்கும் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். பாவுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் ஜல்தி நின்றுகொண்டிருந்தாள். பூனையைப் பார்த்தாள். எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல் யோசித்தாள். பின்னங்காலை மடித்துத் தெரு மண்ணில் உட்கார்ந்தாள்.

டக்.

எழுந்து, திரும்பி, மரியாதையாக வீட்டுக்குள் போனாள். பூனை தன்னை யாரும் மதிக்கவில்லை என்று நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

சம்பத் அண்ணன் ஜல்தி போன வாசலைப் பார்த்தார். "யம்மாடி! சோக்கா குந்திச்சே! என் பசங்களகூட நான் இப்டி குந்த வெச்சதில்ல." அப்புறம் என் பக்கம் திரும்பி, "தேசூருக்கெல்லாம் ஒண்ணும் அனுப்ப வாணாம்மா. பூன என்துதான். அதத்தான் எங்கயாவது அனுப்பணும்" என்றார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாம்பல் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. வீட்டுக்காரர் எங்கே? பாவைச் சுற்றும் கட்டையை எடுக்க உள்ளே போனவர் வரவே இல்லை. வெறும் தறியில் நாடா ஓட்டக் கூடாது என்பது அவர் கடைப்பிடிக்கும் சட்டம். ஒரு தடவை நான் விளையாட்டாகக் கயிற்றை இழுத்ததற்கு இரண்டு நாள் பேசவில்லை.

குழிக்குள் கிடந்தது

உள்ளே போனேன். பாவு இல்லாத வெறும் தறியில், குழிக்குள் காலை விட்டு அவர் உட்கார்ந்திருந்தார். இழுத்த கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. குழி ஓரத்தில் ஜல்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் வேட்டி மடியை அவிழ்த்து, ஒரு மல்லாட்டையை எடுத்து, நகத்தால் உரித்து, பருப்பை ஊதி, அவள் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். மிதிக்கட்டைக்குப் பக்கத்தில், அவர் கால் மறையும் அளவுக்கு மல்லாட்டைத் தொலி.

"இத்தினி நாளா நீங்கதானா? நான் அங்க தொண்ட கிழிய சபாஷ் சொல்லிகினு கீறேன், நீங்க இங்க..."

"யாமினிதான சொன்னா" என்றார் தொலியைப் பார்த்துக்கொண்டே. "சத்தம் கேட்டா குடுத்தே ஆவணும், ஏமாத்தக் கூடாதுனு. நீ பாட்டுக்கு நாடாவத் தட்டிக் காட்டிட்டு போய்ட்ட. நான் ஒரு பொடவைக்கு எத்தினி தபா ஓட்றேன்? தெனம் அது வந்து குந்திகினு பாக்குது. வாயில்லா ஜீவன். என்னால முடியல."

"அப்பறம் எதுக்கு தேசூருக்கு அனுப்ப மொத ஆளா சரி சொன்னீங்க?"

"சொல்லாட்டி அன்னிக்கே அனுப்பச் சொல்லிருப்பான் சம்பத். அடுத்த பாவு நம்முதுனு எனுக்குத் தெரியும். எப்ப போட்றதுனு நம்ம கையிலதான கீது, அதுக்குள்ள இது கத்துக்கும்ல."

திட்டாமல் குனிந்து தொலியை முந்தானையில் அள்ளினேன். அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

பாவைச் சுற்றி எடுத்து, எல்லாரும் கலைந்து போன பிறகு டீ போட்டேன். அவருக்கு ஒரு தம்ளரைக் கொண்டுபோய்த் தறி ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு வாய் குடித்திருப்பார்.

டக்.

ஜல்தி நிழலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காது மட்டும் ஆடியது, எழவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என் பக்கம் நீட்டியிருந்தார். உள்ளங்கையில் இரண்டு மல்லாட்டை.

"எதுக்கு?"

"டீ" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வாங்கிக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். உரித்து வாயில் போட்டேன். நான் அவித்ததுதான், உப்பு ஒரு கல்கூட இல்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.